காதுக்கு வந்த அருசி

நாக்குக்கு அருசி வருவதுண்டு. காய்ச்சல் விட்ட நாலாம் நாள், எதிரே மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் இருந்தாலும், வாயில் வைத்தால் மண்ணாக இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகையால் யாரும் பயப்படுவதில்லை. 'இரண்டு நாள் போனால் சரியாகிவிடும்' என்பார்கள், சரியாகியும் விடும். ஆனால் காதுக்கும் அருசி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. அதனால் அது வந்தபோது நான் பயந்தே போனேன்.

நான் வித்வான் அல்ல. நான் பாட ஆரம்பித்தால், அடுத்த அறையில் இருப்பவர்கள் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். ஆனால் கேட்பதில் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அநுபவம். என் தகப்பனாரிடம் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் இருந்தது. காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை அதில்தான் நான் முதலில் கேட்டேன். காருக்குறிச்சியார் எங்கள் பக்கத்துக்காரர். 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்தவர். இன்று எனக்கு ஆகிற வயதுகூட அவருக்கு ஆகவில்லை. அந்த நாடா தேய்ந்து, ஒரு பக்கத்தில் இருக்கிற வாசிப்பு மறு பக்கத்திலும் மெல்லக் கேட்க ஆரம்பித்த பிறகும் எங்கள் வீட்டில் அதை விடவில்லை. அப்படி வளர்ந்த காது இது.

சென்ற தை மாதம் ஒருநாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் ஒரு காம்போதியைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து வீட்டில், 'அது முடிந்து பத்து நிமிஷம் ஆகிறதே, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?' என்றார்கள். முடிந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கல்யாணி, அப்புறம் பைரவி. பிறகு, கல்லூரி நாட்களில் என்னைப் பித்தாக அடித்த சினிமாப் பாட்டுக்கள். எல்லாம் காதில் விழுந்தன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ராகம் தெரிந்தது, தாளம் தெரிந்தது, பாடுகிறவர் யாரென்று தெரிந்தது. தெரிந்து என்ன? பத்திரிகையில் வந்த விருந்துப் பட்டியலைப் படிப்பதுபோல் இருந்தது.

காது வைத்தியரிடம் போனேன். அவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, 'காது முதல் தரம்' என்றார். ஒரு நண்பர் பித்தம் என்றார். இன்னொருவர் வயசு என்றார். அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

இந்த மாதிரி சமயத்தில் படித்தவனுக்கு வருகிற தொல்லை, புஸ்தகத்தைப் புரட்டுவது. டார்வின் 1876-இல் தம் குழந்தைகளுக்காக எழுதிய சுயசரிதையில், இளமையில் தமக்குப் பிரியமாயிருந்த கவிதையும் சங்கீதமும் பிற்காலத்தில் அடியோடு ருசிக்காமல் போயின என்று வருத்தப்பட்டிருக்கிறார். சங்கீதம் கேட்டால் இன்பம் வருவதற்குப் பதிலாக, தாம் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றிய யோசனைதான் மும்முரமாக வருகிறதாம். இன்னொரு ஜன்மம் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படித்து, கொஞ்சம் சங்கீதம் கேட்பதை விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என் கதையும் அதேதான். அப்பொழுது ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். ஆலாபனை தொடங்கியவுடன் என் தலைக்குள் பன்னிரண்டாம் அத்தியாயம் தொடங்கிவிடும்! போதாததற்கு, எழுதும்போது துணைக்கு இருக்கட்டும் என்று காலை முதல் இரவு வரை எதையாவது பாடவிட்டுக்கொண்டே இருந்தேன். முன்னெல்லாம் ஒரு கச்சேரி கேட்க இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இப்பொழுது சட்டைப் பைக்குள் ஆயிரம் கச்சேரிகள். கோயில் பிரசாதத்தை மூன்று வேளையும் சாப்பாடாகச் சாப்பிட்டவன் கதிதான் எனக்கு.

ஜான் ஸ்டூவர்ட் மில் விஷயம் வேறு. 1826-இல், இருபதாவது வயதில், அவருக்கு எதிலுமே பற்றில்லாமல் போயிற்று, சங்கீதமும் கைவிட்டது. அது திரும்பி வந்த பிறகு ஒரு விசித்திரமான கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. ஸ்வரங்கள் சில, அவற்றைச் சேர்க்கிற வகைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு, அத்தனையும் ஒருநாள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? பாவம், மனிதர் நம் பக்கத்தில் பிறந்திருந்தால் இந்தக் கவலை வந்திராது. நாம் பதினேழாம் நூற்றாண்டிலேயே வேங்கடமகியின் கணக்குப்படி எழுபத்திரண்டு மேளங்களை எண்ணி வைத்துவிட்டு, பிறகு அந்த எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒரே தோடியை ராத்திரி முழுவதும் கேட்டவர்கள்.

இது போதாதென்று ஒரு வாசகர், 2014-இல் பார்ஸிலோனாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி எனக்கு எழுதினார். சாப்பாட்டிலும் பணத்திலும் மற்றவர்களைப் போலவே சந்தோஷப்படுகிற, காதில் எந்தக் குறையுமில்லாத சிலருக்குச் சங்கீதம் மட்டும் எந்த இன்பமும் தருவதில்லையாம். அது அவர்கள் சுபாவம். எனக்கோ சுபாவம் அதுவல்ல. இருந்ததைத் தொலைத்தவன் நான். இல்லாதவனுக்கு ஏக்கம் இல்லை. தொலைத்தவனுக்குத்தான் தூக்கம் இல்லை.

இவ்வளவும் என்னோடு போயிருந்தால் பாதகமில்லை. பங்குனியில் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

தென்காசியில் எனக்கு ஒரு நாகஸ்வர நண்பர் உண்டு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகள், பதினேழு வயதுப் பெண், முதல் தடவையாக ஒரு கோயில் விழாவில் தனியாக வாசித்தாள். முன் வரிசையில் நான். அவள் எடுத்துக்கொண்டது தோடி. ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு அந்த வாத்தியத்தில் தோடியைத் தொடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நான் தலையை ஆட்டினேன். தொடையில் தாளம் போட்டேன். முடிந்தவுடன் எழுந்து போய், 'பிரமாதம் அம்மா! அதுவும் அந்த மேல் ஸ்தாயியில் நின்றாயே, அந்த இடம்!' என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன். உண்மையில் ஒரு ஸ்வரமும் என் மனசில் பதியவில்லை. பாராட்டுக்குப் பஞ்சமான தொழிலில் ஒரு குழந்தைக்குச் செல்லாத காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

ஆனி மாதக் கடைசியில், நாவலை முடிப்பதற்காகக் குற்றாலத்துக்குப் போய், ஐந்தருவிப் பக்கம் ஒரு வீட்டில் பத்து நாள் தங்கினேன். அந்த ஊருக்குப் போவதிலேயே எனக்கு ஒரு வெட்கம். பாடியதற்காகவும் எழுதியதற்காகவும் பட்டம் பெற்றவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். ரசித்ததற்காகவே 'ரசிகமணி' என்று பெயர் பெற்ற டி.கே.சி. வாழ்ந்த ஊர் அது. அங்கே ரசனையைத் தொலைத்தவன் போய் இறங்குவதென்றால்? கோயிலுக்குப் போனேன், சித்திர சபைக்கும் போனேன். நடராஜருடைய ஐந்து சபைகளில் இங்கேதான் அவர் ஓவியமாக ஆடுகிறார். ஆட்டம் இருக்கிறது, ஓசை இல்லை. 'நம் காதும் இப்படித்தான் ஆகிவிட்டது' என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாரல் நன்றாக விழுந்த வருஷம். காலையிலும் மாலையிலும் ஐந்தருவியில் போய் நின்றேன். பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து, தாவி, அகன்று இறங்குகிறது. அது ஒரு கம்பீரம். ஐந்தருவி அப்படியல்ல. பாறை முகத்தில் ஐந்து கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் ஆளைப் பிடித்து முதுகில் அறைகிறது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. பன்னிரண்டாம் அத்தியாயமும் கேட்கவில்லை! அதுதான் எனக்கு முதல் ஆறுதல்.

மின்னெர்ட் என்ற ஹாலந்து தேசத்து வானசாஸ்திரி 1933-இல் ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓடுகிற தண்ணீரின் சப்தத்துக்கு முக்கியமான காரணம், அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும் காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழியும் பிறக்கும்போது ஒரு மணிபோல ஒலிக்கிறது. மிளகளவு குமிழி வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை அதிர்கிறது; பெரியது கீழ் ஸ்தாயி, சிறியது மேல் ஸ்தாயி. அப்படியானால் அருவி இரைச்சல் என்பது கோடிக் கணக்கான ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான். எல்லாமே இருப்பதால், எடுத்துக் கேட்க ஒன்றும் இல்லை. லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள். வயிற்றுக்குப் பட்டினி போடலாம். காதுக்கு எப்படிப் போடுவது? அதற்கு இமை இல்லையே. ஐந்தருவிதான் என் காதைப் பட்டினி போட்டது. வீட்டுக்குத் திரும்பினாலும் நான் ஒன்றையும் பாடவிடவில்லை.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தேன். தேய்த்தவர் கை பலமானது, குரலும் பலமானது. என் பிடரியில் விரலை வைத்துக்கொண்டு, 'சிங்காரவேலனே தேவா'வை முனக ஆரம்பித்தார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில், 1962-இல், எஸ். ஜானகியின் குரலோடு எங்கள் காருக்குறிச்சியாரின் நாகஸ்வரம் சேர்ந்து வந்த பாட்டு. ஆபேரி. அதில் காந்தாரம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்காமல், இவர் வாயில் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் அந்த இடம் வந்தது. மறுபடியும் ஏறியது. மூன்றாவது தடவை வரப்போகிறதே என்று எனக்கு உடம்பு கூசிற்று. தாங்க முடியவில்லை.

'அந்த இடத்திலே கொஞ்சம் கீழே இறக்கணும், ஐயா' என்றேன்.

'இங்கனயா, அண்ணாச்சி?' என்று அவர் விரலை முதுகெலும்பில் ஓர் அங்குலம் இறக்கினார்.

'இல்லை, இன்னும் கொஞ்சம்...'

'நல்லா பிடிச்சிருக்கு அண்ணாச்சி. சளிதான்' என்று இடுப்புவரை இறக்கி ஒரு அழுத்து அழுத்தினார். காந்தாரம் மட்டும் இறங்கவில்லை.

வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதமாக எந்த வித்வானுடைய சுத்தமான ஸ்வரமும் என்னைத் தொடவில்லை. இவருடைய தப்பு ஸ்வரம் தொட்டுவிட்டது. மூன்றாவது தடவைக்காக நான் காத்திருந்தேனே, அதுதான் விஷயம். சங்கீத இன்பத்தில் பாதி, ஸ்வரம் வந்து சேருவதற்கு முந்திய காத்திருப்பிலேயே இருக்கிறதென்று 2011-இல் மான்ட்ரியால் ஆராய்ச்சிக்காரர்கள் மூளையைப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். நான் தொலைத்தது அந்தக் காத்திருப்பை. அருசி நீங்கிய நோயாளி முதலில் 'சாப்பாடு நன்றாயிருக்கிறது' என்று சொல்வதில்லை. 'ரசத்தில் உப்பு இல்லை' என்றுதான் சொல்வான். வீட்டார் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள்.

அன்று சாயங்காலமே தென்காசிக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி திண்ணையில் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல், 'பங்குனியிலே நான் சொன்னது பொய், அண்ணாச்சி' என்றேன்.

'தெரியும் தம்பி' என்றார் அவர், தலையைத் தூக்காமலே. 'ஆலாபனைக்குப் போயி தாளம் போட்டீகளே! அதுவும் நீங்க பிரமாதம்னு சொன்ன இடத்துலதான் அவளுக்கு மூச்சு அத்துப் போச்சு. வீட்டுக்கு வந்து, சித்தப்பா கேக்கலேப்பான்னு அழுதா.'

எனக்குப் பேச்சு வரவில்லை.

'எனக்கும் வந்திருக்கு. எட்டு மாசம்' என்றார். 'நீங்க கேக்கியவங்க, எழுந்து போயிரலாம். நாங்க எங்க போக? பசி செத்தவன் பந்தியிலே பரிமாறுத மாதிரி, கல்யாணம் கல்யாணமா வாசிச்சேன். ஒருத்தருக்கும் தெரியலே. அதுதான் பெரிய கஷ்டம்.'

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேட்டுக்கொண்டபடி அதே தோடியை வாசித்தாள். திண்ணையில் ஒரே ஒரு ரசிகன். ஆரம்பித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் என் கை தானாக நின்றுவிட்டது. மேல் ஸ்தாயியில் அதே இடத்தில், வருகிறது வருகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு இம்மி பிசகிற்று. என் முகம் சுளித்துவிட்டது; மறைக்க நேரமில்லை.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

'சித்தப்பாவுக்குச் சரியாயிட்டுப்பா' என்றாள்.

பிறகு அந்த இடத்தை மறுபடியும் முதலிலிருந்து எடுத்து வாசித்தாள்.