பாவு பிடித்த கைக்குக் கார்பன் இழை

கார்பன் இழை என்றதும் விமானம், ராக்கெட், ரேஸ் கார் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, பிறகு கோவையில் இழையையும் பிசினையும் சேர்த்துப் பாகம் செய்யும் ஒரு சிறிய காம்போசிட் பட்டறையில் சேர்ந்த எனக்கு அது நூலாகத்தான் முதலில் கண்ணில் பட்டது. பாபினில் சுற்றி வருகிறது. பாவும் ஊடையுமாக நெய்யப்படுகிறது. பிளெயின், ட்வில், சாட்டின் என்று நெசவின் பெயர்கள்கூட நம் தறிக்கூடத்துப் பெயர்களே. நாம் பாவுக்குக் கஞ்சி ஏற்றுகிறோம். இதற்கு எடையில் ஒரு சதவீத அளவுக்கு எபாக்சிப் பூச்சு ஏற்றுகிறார்கள். அது இல்லாவிட்டால் இழை தறியைத் தொடும் முன்பே பிசிறடித்துவிடும்.

இத்தனை வருஷம் இதைக் கையால் தொட்டு வேலை செய்தபின் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இந்தத் தொழிலின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் பலவும் நூலை எப்படிப் பிடிப்பது, எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதைப் பற்றியவை. இழுவிசை தெரிந்தவர்களின் தொழில் இது.

பிறப்பிலிருந்தே அப்படித்தான். எடிசன் 1879-ல் பருத்தித் தையல் நூலைக் கரியாக்கி விளக்கில் எரித்தார். அது வெளிச்சம் தந்ததே தவிர பாரம் தாங்கவில்லை. 1960-ஐ ஒட்டி ஜப்பானின் ஒசாகாவில் அரசு ஆய்வகத்தில் இருந்த அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் இழையிலிருந்து நல்ல கார்பன் இழை எடுக்கலாம் என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட இழை, ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக்கின் நெருங்கிய உறவுதான். அதை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை பக்குவப்படுத்தி, பிறகு நைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். பக்குவப்படும்போது இழை சுருங்கப் பார்க்கும். சுருங்கவிட்டால் உள்ளே வரிசையாக நிற்கும் மூலக்கூறுகள் கலைந்துபோகும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வில்லியம் வாட் குழுவினர் 1960-களின் நடுவில் செய்தது, அந்த நேரத்தில் இழையைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்ததுதான். விறைப்பான, வலுவான இழை அப்படித்தான் கைக்கு வந்தது. போட்ட எடையில் பாதிதான் கடைசியில் மிஞ்சும். மிஞ்சுகிற ஒவ்வொரு இழையும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்.

அப்படிப்பட்ட மூவாயிரம் இழை சேர்ந்தால் ஒரு 3கே டோ, பன்னிரண்டாயிரம் சேர்ந்தால் 12கே. முறுக்கு கிடையாது, பட்டையாக நாடா போல வரும். இதைத் தறியில் ஏற்றும்போதுதான் நம் பழக்கமெல்லாம் சோதனைக்கு வரும். பருத்திக் கோனை நிறுத்திவைத்து நுனி வழியாக நூலை மேலே இழுப்போம். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறும், பருத்திக்கு அதனால் கெடுதல் இல்லை. கார்பன் டோவை அப்படி இழுத்தால் பட்டை கயிறாகிவிடும். பாபினே உருண்டு, பக்கவாட்டில் டோ கழல வேண்டும். பாபின்களைத் தாங்கும் கிரீலில் நிற்கும் ஒவ்வொரு பாபினுக்கும் தனித்தனியே பிரேக் வேண்டும். நூல் கடந்துபோகும் கண் ஒவ்வொன்றும் வழவழப்பான பீங்கானாக இருக்க வேண்டும். கூர்மையான ஒரு வளைவு போதும், பஞ்சு பஞ்சாகப் பிசிறு கிளம்பும். அந்தத் தூசி மின்சாரத்தைக் கடத்தும். தறியின் கன்ட்ரோல் பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் ஆகும். அதனால் பெட்டியை முழுக்க அடைத்து, உள்ளே சுத்தமான காற்றழுத்தம் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எங்கள் பட்டறையைப் பார்க்க வந்த பழைய தறி மிஸ்திரி ஒருவர் டோவை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது அறுந்தா எப்படிப் பிணைக்கறதுங் கண்ணு?” என்றார். “பிணைக்க முடியாதுங்க மாமா, முடிச்சுப் போட்டா முடிச்சுலயே ஒடிஞ்சிரும்” என்றேன். நீளவாக்கில் எஃகைவிட வலு, வளைவில் ஒன்றுமே இல்லை. அவர் நம்பவில்லை. போட்டுப் பார்த்தார், ‘டிக்’கென்று போனது. அப்புறம்தான் அவருக்கு உண்மையான ஆர்வம் வந்தது. எந்த ரீடில் ஓட்டுகிறார்கள், ஊடையை இழுத்துப் போகும் ரேப்பியர் எப்படிப் பிடிக்கிறது என்று மதியம்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள்.

நெய்த துணியில் ஒரு சிக்கல் உண்டு. பாவு ஊடைக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்குவதால் நூல் நெளிகிறது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் கயிறு விறைத்த பிறகுதானே ஆளைத் தாங்கும், அதே கதை. நெளிவைக் குறைக்க டோவைத் தட்டையாக, அகலமாக விரிக்க வேண்டும். ஜப்பானின் ஃபுக்குய் மாவட்டத் தொழில்நுட்ப மையத்தில் கசுமாசா கவாபே இதற்கு ஒரு வழி கண்டார். டோவைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, அதன் குறுக்கே காற்றை உறிஞ்சினார். தொங்கும் இழைகளுக்கு நடுவே காற்று புகுந்து அவற்றைப் பிரித்தது. சில மில்லிமீட்டரே இருந்த 12கே டோ 20 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தது. வாட் இழுத்துப் பிடித்து ஜெயித்தார், கவாபே தளர விட்டு ஜெயித்தார்! எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

ஃபுக்குய் பட்டும் பாலியஸ்டரும் நெய்யும் ஊர். விரித்த டோவையே நூலுக்குப் பதில் பட்டையாக வைத்து நெய்யும் டெக்ஸ்ட்ரீம் துணி, ஸ்வீடனின் புரோஸ் நகரில் நந்தன் கோக்கரின் கண்டுபிடிப்பை வைத்து 2003-ல் தொடங்கிய ஆக்சியன் நிறுவனத்திலிருந்து வந்தது. புரோஸும் ஜவுளி ஊர்தான். விமானக் கம்பெனிகள் வாங்கிப் பயன்படுத்தும் பொருளைச் சீர்படுத்தியது தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்கள்.

அந்த ஊர்களோடு நம் ஊரை வைத்துப் பார்க்கிறேன். 1956-ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் சிட்ரா இருக்கிறது. 1962 முதல் நூற்பு இயந்திரம் செய்யும் எல்.எம்.டபிள்யூ. இன்று விமானப் பாகங்களும் செய்கிறது. தேஜஸ் போர் விமானத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் காம்போசிட். வெளித்தோலில் பெரும்பகுதி கார்பன். அந்தத் தேஜஸ் 2018-லேயே கோவைப் பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்துவிட்டது. 2025 ஜூலை 17-ல் தேஜஸ் மார்க் 1ஏ-வின் முதல் ஜோடி இறக்கைகளை எல் அண்ட் டி தன் கோவை வளாகத்தில் முடித்து எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. கார் பந்தயத்திலும் நம் ஊர் ஆள் உண்டு. 1981-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன்தான் ஃபார்முலா ஒன்னில் முழுக் கார்பன் கூடு கொண்ட முதல் கார். 2005-ல் நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது அவரைச் சுற்றி இருந்ததும் கார்பன் கூடுதான்.

எல்லாம் சரி. நான் மேஜையில் விரிக்கும் துணி மட்டும் கப்பலில் வருகிறது. பிசின் ஊறிய பிரீப்ரெக் என்றால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியபடியே வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் துணிமேல் படிந்து, ஆட்டோகிளேவில் வேகும்போது ஆவியாகி உள்ளே குமிழ் விடும். வாங்கின விலைக்கு ஒவ்வொரு மீட்டரையும் இப்படித்தான் காப்பாற்றுகிறோம். பெங்களூரில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் (என்.ஏ.எல்.) பல ஆண்டுகளுக்கு முன்பே கார்பன் இழைத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. வதோதராவின் கெம்ராக் அதை வாங்கி 2010-ல் ஆலையும் திறந்தது, ஆனால் அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. ராணுவப் பயன்பாடு உள்ள பொருள் என்பதால் உயர்ரக இழைக்கு வெளிநாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு. இழை ஆலைக்குப் பெருமுதலீடு வேண்டும், அது நம் கையில் இல்லை. ஆனால் இழையை விரிப்பதும் நெய்வதும் கொங்கு நாட்டுக்கு எட்டுகிற வேலை. இதை நான் பார்க்கிற ஒவ்வொரு தறி முதலாளியிடமும் சொல்கிறேன்.

அதைவிடப் பக்கத்தில் இன்னொரு வேலை கிடக்கிறது. வெட்டும் மேஜைக்குக் கீழே விழும் துண்டுகள். பிசின் ஏறாத துண்டை அப்படியே பிரிக்கலாம். பிசின் ஏறியதை ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கிப் பிசினைச் சிதைத்து வெளியேற்றினால் இழை மிஞ்சும், குட்டையாக. குட்டை இழையைப் பஞ்சு சீவும் கார்டிங் மெஷினில் போட்டு பாலிப்ரொப்பிலீனோடு கலந்து விரிப்பாக்கினால் அச்சில் அழுத்தி கார் பாகம் செய்யலாம். இங்கிலாந்தில் வணிக அளவில் செய்திருக்கிறார்கள். திருப்பூர் வெட்டுத் துண்டைப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் ஓட்டும் மில்கள் பல்லடம், வெள்ளகோவில் பக்கம் எத்தனை! கார்டிங் கம்பியில் கார்பன் ஒடியாமல் இருக்கக் கம்பியின் கோணத்தையும் வேகத்தையும் எவ்வளவு மாற்ற வேண்டும், மின்சாரம் கடத்தும் தூசியை எப்படி உறிஞ்ச வேண்டும் என்ற இரண்டுக்கும் விடை கண்டால் போதும். பழைய கார்டிங் மெஷின் ஒன்றைத் தரச் சம்மதித்திருக்கும் மில்காரர் ஒருவரோடு இப்போது அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.