எழுந்து நிற்றல்

எழுந்து நிற்பதும் ஒரு செயலா என்று நீங்கள் கேட்கலாம். ஐம்பத்து மூன்று அகவை வரை நானும் அதனை ஒரு செயலாகக் கருதியவன் அல்லன். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்தொட்டு வகுப்பறையில் நின்றே வாழ்ந்தவன் நான்.

ஒரு திங்கட்கிழமை அந்நிலை மாறிற்று. காலைச் சபைகூடலில் நெகாராகூ பாடி முடியுமுன் கண்கள் இருண்டன. பிடரியும் தோள்களும் வலித்தன. கொடிக்கம்பத்தைப் பற்றிக்கொண்டேன். நாற்காலியில் அமர்ந்த சிறிது நேரத்தில் எல்லாம் தெளிந்தது. பின்னர் வேறு விந்தைகளும் தொடர்ந்தன. சோறு உண்ணத் தொடங்கினால் முகம் வியர்த்துக் கொட்டும். கொளுத்தும் வெயிலில் நடந்தாலும் கால்கள் வியர்ப்பதில்லை. இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். ஓய்ந்து படுத்திருக்கும்போதும் நெஞ்சு விரைந்து துடிக்கும்.

மருத்துவர் சிலரைக் கண்டேன். இதயச் சோதனையும் மூளைப் படமும் குறையொன்றும் காட்டவில்லை. “வேலைப்பளுதான், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றனர். இதற்கிடையே, தலைமையாசிரியர் காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று பெற்றோர் சிலரிடையே பேச்சு எழுந்தது. மதுவைத் தொட்டறியாத எனக்கு நோயினும் அச்சொல் கொடியதாயிருந்தது.

முடிவில் இளம் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அந்த அம்மையார் என்னைப் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்கவைத்து, மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் பார்த்தார். 142 ஆக இருந்த மேல் அளவு 104 ஆக இறங்கியிருந்தது. 20 இறங்கினாலே நோய்க்குறி என்பது மருத்துவ வரையறை. அதுவரை என்னைச் சோதித்தோர் அனைவரும் அமரவைத்தே அளந்திருந்தனர்!

“ஐயா, இனிப்புநீர் எத்தனை ஆண்டுகளாக உள்ளது?” என்று கேட்டார்.

“பன்னிரண்டு ஆண்டுகளாக.”

“அதுதான் நரம்புகளைக் கெடுத்திருக்கிறது.”

நாம் எழும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நம்மைக் கேளாமலே சில நரம்புகள் குருதிக்குழாய்களை இறுக்கி, மூளைக்குச் செல்லும் ஓட்டம் குறையாமல் காக்கின்றன. இதயத் துடிப்பு, வியர்வை, செரிமானம் ஆகியவையும் அவற்றின் ஆட்சியே. இவ்வமைப்புக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் எனப் பொருள்படும் பெயரைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி 1898இல் சூட்டினார். எழுந்தால் அழுத்தம் வீழும் நோயை மூவரிடம் கண்டு, பிராட்பரி, எகில்ஸ்டன் என்னும் இருவர் 1925இல் விரித்தெழுதினர். நீண்டநாள் நீரிழிவு இந்நரம்புகளைச் சிதைக்கக்கூடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது.

சுங்கை பினாங்கில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. பெருமழையும் கடலேற்றமும் ஒருசேர வந்தால் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தாழ்ந்த தெருக்களில் தேங்கும். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு அதனை நன்கு கண்டது. தேங்கிய நீரை இறைத்து ஏற்ற இயந்திரம் வேண்டும். என் உடம்பில் அவ்வியந்திரம் பழுதுபட்டுவிட்டது.

இப்பொழுது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உறங்குகிறேன். விழித்ததும் இரு குவளை நீர் பருகி, இறுக்கமான காலுறை அணிந்து, சற்று அமர்ந்த பின்னரே எழுகிறேன். “மெதுவாக எழுந்திருங்கள்” என்று என் துணைவியார் நாள்தோறும் நினைவூட்டுவார். தண்ணீர்மலையின் 513 படிகளை ஏற இயலாமையால், தைப்பூசத்தன்று அடிவாரத்தில் நின்றே முருகனை வணங்குகிறேன். இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன்.

பழக முடியாதது ஒன்றுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சபைகூடலில், “ஐயா, தலை சுற்றுகிறது, உட்காரட்டுமா?” என்று கேட்டான். “நடிக்காதே, நேராக நில்” என்றேன். அவன் நின்றான், சிறிது நேரத்தில் விழுந்தான். மறுநாள் நலமாகத்தான் வந்தான். நானோ அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோயை நம்பாதவர்மேல் சினங்கொள்ளும்போதெல்லாம், அவர்களுள் முதல்வன் நானே என்பது நினைவுக்கு வருகிறது.

இப்பொழுது எங்கள் பள்ளித் திடலின் ஓரத்தில் நீண்ட பலகை ஒன்று கிடக்கிறது. நிற்க இயலாதவர் அமரலாம், காரணம் கேட்பதில்லை. குறும்புக்காக அமர்வோரும் உண்டு என்று ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். இருக்கட்டும். சில காலைகளில் நானும் அங்கே போய் அமர்கிறேன். பக்கத்தில் இருக்கும் பிள்ளை சற்று நகர்ந்து எனக்கு இடம் தருகிறது.