மேடையில பாட்டு வரும், பேச்சு வராது



ரெண்டு மாசமா எதுவும் எழுத முடியல. ரெண்டாம் போக அறுப்பு, வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை, அது முடியறதுக்குள்ள ஊர்ப் பொங்கல்னு நாள் ஓடிருச்சு. இன்னைக்கு வயக்காட்டு விஷயம் இல்ல, பாட்டு விஷயம். எங்க மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷம் நானும் மேடையேறி சினிமாப் பாட்டு பாடினேன். 54 வயசுல முதல் மேடை.

இதுல என்ன பெருசான்னு கேப்பீங்க. என்னை நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும். எனக்குத் திக்குவாய். எழுத்துல நல்லாப் பேசுவேன், அதனாலதான் இங்க இவ்வளவு வாயடிக்கிறேன். நேர்ல பார்த்தா நாலு வார்த்தைக்கு மேல வராது.

நூத்துக்கு ஒருத்தருக்கு இது இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு மோசமான எழுத்து 'ப' வரிசை. உதடு ரெண்டும் ஒட்டிக்கும், திறக்காது. உரக்கடையில பொட்டாஷ் வேணும்னா 'சாம்பல் சத்து' கொடுங்கம்பேன். கடைக்காரர் நான் ரொம்பப் படிச்சவன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கார். பஸ்ல டிக்கெட் கேக்கணும்னா எனக்கு முன்னாடி இருக்கறவர் எந்த ஊர் கேட்டாரோ அதுக்கு அடுத்த ஊரா இருந்தாலும் 'அதேதான்' சொல்லி இறங்கி நடந்திருக்கேன். திக்குற ஆளுங்களுக்கு இது புரியும். மனசுக்குள்ள எப்பவும் ஒரு அகராதி புரண்டுக்கிட்டே இருக்கும், எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தையை மாத்திப் போடலாம்னு.

ஆனா பாட்டு மட்டும் திக்காது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். எனக்கு மட்டும் இல்ல, திக்குறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். பாட்டுல தாளம் முன்னாடியே ஓடிக்கிட்டு இருக்கு, நாம அதுல ஏறிக்கிட்டாப் போதும். எழுத்தை இழுத்துப் பாடறோம், அதனால தொண்டையும் உதடும் இறுகிப் போகாது. வார்த்தையும் மனப்பாடம், அடுத்து என்ன சொல்றதுன்னு தேட வேண்டியது இல்ல. இதெல்லாம் சேர்ந்துதான்னு சொல்றாங்க.

கம்பம் பள்ளத்தாக்குல பொறந்தவனுக்குப் பாட்டு பஞ்சம் கிடையாது. இளையராஜா பொறந்த பண்ணைப்புரம் எங்க சைக்கிள் எட்டுற தூரம். அவரோட அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடையில பாடினவர். தம்பிமார் ஆர்மோனியத்தையும் தபேலாவையும் தூக்கிக்கிட்டு அவர் கூடவே ஊர் ஊராப் போனாங்க. 1976ல 'அன்னக்கிளி' வந்தப்ப எனக்கு ஆறு வயசு. எங்க ஊர்ப் பெருசுங்க எல்லாம் 'நம்ம பய'ன்னு பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் இலங்கை வானொலி, கோடைப் பண்பலைன்னு காது நிறையப் பாட்டுதான். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரியில வந்தா, இருட்டுல மடை திருப்பிக்கிட்டே ஒரு நாப்பது அம்பது பாட்டு பாடுவேன். கேக்க யாரும் இல்ல. வாழை மட்டும்தான்.

இந்த வருஷம் எப்படி மேடைக்கு வந்ததுன்னு சொல்றேன். வருஷா வருஷம் வெளியூர்ல இருந்து மெல்லிசைக் குழு கூட்டிட்டு வருவாங்க. இந்தத் தடவை குழுக்காரங்க 45,000 கேட்டாங்க. கோயிலுக்குக் கூரை வேலை நடந்ததால தலைக்கட்டு வரியில மிச்சம் இல்ல. ஊர்க் கூட்டத்துல எங்க அக்கா மகன் எந்திரிச்சு, 'நம்மளே பாடிருவோம், ரேடியோ செட் காசு மட்டும் கொடுங்க'ன்னுட்டான். அவன் கீபோர்டு வாசிப்பான். மினி வேன் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், அறுபதைத் தாண்டினவர், வயசுக் காலத்துல ஒரு குழுவுல டோலக் வாசிச்சவர். அங்கன்வாடியில வேலை பார்க்கிற எங்க மதினிக்கு நல்ல குரல். ஆம்பளைப் பாட்டுக்கு ஆள் இல்ல. அக்கா மகன் நேரா என் வயக்காட்டுக்கு வந்துட்டான்.

"மாமா, நீங்க ராத்திரி தண்ணி பாய்ச்சும்போது பாடறத நான் சின்னப் பிள்ளையில இருந்து கேக்குறேன். வாங்க."

வாழை மட்டும்தான் கேக்குதுன்னு இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன்.

"பேச்செல்லாம் நீதான்டா பாத்துக்கணும்"னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன். இதை அவன்கிட்டச் சொல்லி முடிக்கவே ஒரு நிமிசம் ஆச்சு.

மூணு வாரம் ராத்திரி ராத்திரி களத்துல பயிற்சி. புதுசாப் பாடப் போறவங்களுக்கு உதவட்டும்னு நான் பார்த்ததச் சொல்லிடறேன்.

முதல்ல சுருதி. டி.எம்.எஸ். பாட்டைப் படத்துல இருக்கிற அதே கட்டையில பாடப் பார்த்தா ரெண்டாவது சரணத்துலயே கழுத்து நரம்பு வெளிய வந்துரும். மதுரைக்காரர் அவர், மேல போகப் போகத்தான் அவருக்குக் குரல் கனக்கும். நமக்கு மேல போகப் போக மெலியும். கீபோர்டுல சுருதி மாத்துற பட்டன் இருக்கு, ஒரு அமுக்குக்கு அரைக் கட்டை இறங்கும். எனக்கு மூணு அமுக்கு, அதாவது ஒண்ணரைக் கட்டை இறக்கினான். பாட்டு கொஞ்சமும் கெடல. பல்லவியைப் பார்த்துக் கட்டையை முடிவு பண்ணக் கூடாது, சரணத்துல உச்சி எங்க இருக்கோ அதைப் பாடிப் பார்த்துதான் முடிவு பண்ணணும். மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறுதான்னு பார்த்துட்டுத்தானே மோட்டார் வாங்குறோம்.

ரெண்டாவது, இடையிசை. பாட்டைக் கேக்கும்போது நாம பாடகரோட குரலத்தான் கேக்குறோம். இடையில வர்ற புல்லாங்குழல், வயலின் எல்லாம் நமக்கு மூச்சு வாங்குற இடம் மாதிரி. மேடையில நின்னாத்தான் தெரியும், இளையராஜா பாட்டுல அந்த இடம் எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவுன்னு. சரணத்துக்கு எங்க நுழையறதுன்னு தெரியணும்னா எண்ணணும். நான் எண்ணல, டோலக் அண்ணனோட முழங்கையைப் பார்த்தேன். பாடகர் நுழையறதுக்கு முன்னாடி அவர் கை ஒரு உருட்டு உருட்டும். அதுதான் எனக்குப் பச்சை விளக்கு.

மூணாவது, போன்ல கிடைக்கிற கரோக்கிய நம்பி மட்டும் மேடை ஏறாதீங்க. அது நல்ல ஜோடிப்புதான், ஆனா நமக்காக நிக்காது. ரயில் மாதிரி போயிரும். ஆள் வாசிச்சா, நாம ஒரு அடி பிந்தினாலும் திரும்பிப் பார்த்து இழுத்துக்குவாங்க.

நாலாவது, சத்தம். கண்மாய்க் கரைப் புளியமரத்துல ஒரு குழாய் கட்டியிருந்தாங்க. மேடையில இருந்து 200 மீட்டர் இருக்கும். சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். அதனால நம்ம குரல் அங்க இருந்து நம்ம காதுக்கு வந்து சேர அரை செகண்டுக்கு மேல ஆகும். நாம ரெண்டாவது வார்த்தைக்குப் போயிருப்போம், முதல் வார்த்தை அப்பத்தான் வந்து காதுல விழும். அதைக் கேட்டா தாளம் போச்சு. பெரிய குழுக்காரங்க பாடகர் காலடியில ஒரு ஸ்பீக்கர் வச்சுக்கிறது இதுக்குத்தான். எங்களுக்கு அது இல்ல. நான் கீபோர்டு பொட்டிக்கு ஒட்டி நின்னுக்கிட்டேன், ஒரு காதை விரலால பொத்திக்கிட்டேன்.

பொங்கலன்னைக்கு முளைப்பாரி கரைச்சுட்டு வர ஏழரை மணி ஆயிருச்சு. பத்து மணிக்கு மேல குழாய் போடக் கூடாதுங்கிறது சட்டம். ரெண்டரை மணி நேரத்துல பதினாறு பாட்டுன்னு கணக்கு. எல்லாக் கச்சேரியும் போல பிள்ளையார் பாட்டு முதல்ல, சீர்காழி கோவிந்தராஜன் பாடினது, அதை மதினி பாடினாங்க. அப்புறம் நான்.

எனக்கு முதல் பாட்டு, 1985ல வந்த 'முதல் மரியாதை' படத்துல மலேசியா வாசுதேவனும் ஜானகியும் பாடினது. படம் வந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. அந்தப் படத்துப் பாட்டுகளுக்காகத்தான் வைரமுத்துக்குத் தேசிய விருது கொடுத்தாங்க. என் பாகம் ஆரம்பிக்கிறதே 'ப' வரிசை எழுத்து. வேற வார்த்தை மாத்திப் போட முடியாது, ஊருக்கே மனப்பாடம். மைக்கைப் பிடிச்சேன். டோலக் அண்ணன் கை உருண்டுச்சு. உதடு திறந்துச்சு.

முன் வரிசையில உக்காந்திருந்த எங்க அம்மா பக்கத்து வீட்டு ஆத்தாகிட்ட, 'எம் மகன்தானா'ன்னு கேட்டுச்சாம். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. குரலை வச்சும் அடையாளம் தெரியல. 54 வருஷமா அது கேட்ட என் குரல் வேற.

நாலு பாட்டு பாடிட்டேன். ஊரும் கை தட்டுச்சு, ரெண்டு மூணு பேர் பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில குத்திவிட்டாங்க. அஞ்சாவது பாட்டுக்கு முன்னாடி கரண்டு வயர்ல ஏதோ பொறி தட்டுதுன்னு அக்கா மகன் மேடைக்குப் பின்னாடி இறங்கிப் போனான். மதினி தண்ணி குடிக்கப் போயிருந்தாங்க. அந்த நேரம் பார்த்து எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் மேடை ஓரம் வந்து அம்பது ரூபாயையும் ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார். போன ஆவணியில அவர் சம்சாரம் தவறிப்போனாங்க. அந்தம்மா பேரைச் சொல்லி, அவங்க ஞாபகமா இந்த அன்பளிப்புன்னு மைக்குல சொல்லச் சொன்னார். சொல்லிட்டு அங்கேயே நின்னார்.

அந்தம்மா பேரும் 'ப'லதான் ஆரம்பிக்குது.

மைக்கு வாய்க்கு முன்னாடி. உதடு ஒட்டிக்கிச்சு. திக்குறப்போ வெளிய இருக்கறவங்களுக்கு அது அஞ்சு செகண்டு, உள்ள இருக்கறவனுக்கு அது அளவில்லாதது. மூச்சு மைக்குல புஸ்ஸுபுஸ்ஸுன்னு போறது கண்மாய்க் கரைக் குழாய்ல இருந்து திரும்பி வந்து எனக்கே கேக்குது. பின்னாடி இளவட்டங்க சிரிக்கிறதும் கேட்டுச்சு. ராகம் போட்டுப் பாடினா வந்துரும்னு எனக்குத் தெரியும். ஆனா செத்துப்போன ஒரு மனுசி பேரை, அவங்க புருசன் நின்னுக்கிட்டு இருக்கும்போது சினிமா மெட்டுலயா பாடறது? சீட்டைப் பெரியவர்கிட்டத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரல. அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார், அவசரமே படல.

அப்பத்தான் பின்னாடி டோலக் மெதுவாக் கேட்டுச்சு. பாட்டு இல்ல, சும்மா ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. நெல்லுக்குத்துற மாதிரி நிதானமா. மூணாவது தட்டுல பேரோட முதல் எழுத்து வந்துச்சு. அடுத்த தட்டுல மிச்சம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு வார்த்தையா முழு அறிவிப்பையும் சொல்லி முடிச்சேன். பாட்டு மாதிரி இல்ல, பேச்சு மாதிரியும் இல்ல. பெரியவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போய் உக்காந்தார்.

கச்சேரி முடிஞ்சு செட்டைக் கழட்டும்போது அண்ணன்கிட்ட, எனக்காகத் தட்டினீங்களான்னு கேட்டேன். 'கை சும்மா இருக்காது தம்பி'ன்னு சிரிச்சார். அதுக்கு மேல அவர் சொல்லல, நானும் கேக்கல.

பாட்டு என் திக்கலைக் குணமாக்கிருச்சுன்னு எழுதினா அது பொய். மறுநாள் காலையில உரக்கடையில சாம்பல் சத்துதான் கேட்டேன். கேலி பண்ற பயலுக இன்னும் கேலி பண்றாங்க, இப்ப கூடவே 'ஒரு பாட்டு பாடுங்க சித்தப்பா'ன்னும் கேக்குறாங்க. ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. நான் திக்குறது இப்ப ஊருக்கே மைக்குல தெரிஞ்சுபோச்சு. இனி ஒளிக்க எதுவும் இல்ல. அது ஒரு சுமை இறங்கின மாதிரிதான் இருக்கு.

மே 1 கிராம சபைக்குப் போயிருந்தேன். எங்க கடைமடை வாய்க்கால் தூர்ந்து கிடக்குது, எங்க ஏழு பேர் வயலுக்குத் தண்ணி வந்து சேர மத்தவங்களுக்கு முடிஞ்சு நாலு நாள் ஆகுது. வருஷா வருஷம் யாராவது பேசுவாங்கன்னு நான் பின்னாடி உக்காந்திருப்பேன். இந்தத் தடவை எந்திரிச்சேன். தொடையில கட்டை விரலால தட்டிக்கிட்டே சொன்னேன். ரெண்டு நிமிசத்துல சொல்ல வேண்டியதுக்கு ஆறு ஏழு நிமிசம் ஆச்சு. நடுவுல ஒருத்தர் நான் சொல்ல வந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். 'இருங்க, நானே சொல்றேன்'னேன். இருந்தாங்க.

தீர்மானப் புத்தகத்துல எழுதிக்கிட்டாங்க. வாய்க்கால் இன்னும் தூர் வாரல. அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15. அதுக்கும் போவேன்.