தலைக்கு மேல் தங்கப் பூ

பந்தலூர்க்காரர்களுக்குத் தங்கம் என்றால் தரையைப் பார்க்கத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் சுரங்க இலாகா அதிகாரியாயிருந்த பிரௌ ஸ்மைத் என்பவர், 1879-ல் இந்தப் பக்கத்துப் பாறைகளைச் சோதிக்க வந்தார். அவருடைய அறிக்கை வெளியானதும் லண்டனில் கம்பெனிகள் காளான்களைப் போல் முளைத்தன. சில வருஷங்களுக்குள் காளான்களைப் போலவே மறைந்தும் போயின. தேவாலாவைச் சுற்றி இருண்ட சுரங்கக் குழிகள் மட்டும் மிஞ்சின. அடியேன் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. நான் தங்கத்தைத் தலைக்கு மேலே தேடினேன். என் கம்பெனி மூன்றே நாளில் சரிந்தது என்பதுதான் வித்தியாசம்!

விஷயம் இதுதான். சென்ற வைகாசியில் என் தாயார் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பில் முறிவு. இரண்டு மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கைகள் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தன. நாள் முழுதும் அம்மா பார்ப்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று - மேல்விதானம். தகரக் கூரைக்கு அடியில் அடித்த பிளைவுட் பலகை அது. பல மழைக்காலங்களின் கறை அதில் பழுப்பு வளையங்களாகப் படிந்திருந்தது.

"அந்தக் கறை கிழவன் முகம் மாதிரி இருக்கு, தம்பி. ராத்திரியிலே என்னையே பார்க்கிறான்" என்றார் ஒரு நாள்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. மறுநாளே கூடலூருக்குப் பஸ் ஏறினேன். வெண்மையில் தங்கப் பூ அச்சிட்ட அலங்காரக் காகிதம் இரண்டு சுருள் வாங்கினேன். ஒரு சுருளின் அகலம் 21 அங்குலம், நீளம் 33 அடி. எங்கள் அறை பத்தடிக்குப் பத்தடி. ஆறு பட்டை போதும். கணக்கு துல்லியமாகத்தான் இருந்தது. கணக்கில் சேராதது மழை ஒன்றுதான்.

அம்மா கட்டிலிலிருந்தே எச்சரித்தார். "ஈரத்திலே கூழ் பிடிக்காது, தம்பி. சிலோனிலே எங்க லயத்துச் சுவரெல்லாம் பழைய பத்திரிகை ஒட்டியிருப்போம், குளிர் காற்று வராமலிருக்க. வெயில் காலத்திலேதான் ஒட்டுவோம். கூழிலே துளி மயில்துத்தம் போடணும். இல்லாவிட்டால் கரப்பான் தின்றுவிடும்."

நான் சிரித்தேன். சுருளோடு வந்த அச்சிட்ட குறிப்பு என் கையில் இருக்கும்போது லயத்துச் சுவரின் சாஸ்திரம் எதற்கு? ஆனி மாதத்து அடைமழையில் ஏணி போட்டு, ஆறு பட்டைகளையும் ஒட்டி முடித்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது உண்மை. மூன்றாம் நாள் நள்ளிரவில் 'சொத்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டேன். நடுப்பட்டை முழுதும் கழன்று, அம்மாவின் மேல் தலை முதல் கால் வரை மூடிக் கிடந்தது. அந்தக் காட்சியில் ஒரு கணம் என் மூச்சு நின்றுவிட்டது. காகிதத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "பயப்படாதே, தம்பி. இன்னும் என்னை மூடுகிற வேளை வரவில்லை!"

காரணத்தைப் பிறகு ஆராய்ந்தேன். ஆணித் துளைகள் வழியே கொஞ்சம் ஒழுக்கு. அதைவிடப் பெரிய குற்றவாளி எங்கள் மூச்சுக் காற்றே. அடுப்பு ஆவியும் மூச்சும் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு, முத்து முத்தாய்க் கோத்துப் பலகையில் சொட்டுகின்றன. சுவரில் ஒட்டிய காகிதம் ஓரளவு தன்னைத் தானே தாங்கும். விதானத்திலோ முழுப் பாரத்தையும் பசை ஒன்றே சுமக்க வேண்டும். கழன்ற இடத்தில் கரும்பூஞ்சை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஆர்ஸனிக் கலந்த பச்சைச் சாயத்தால் சுவர்க்காகிதம் அச்சிட்டார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்ததும் அதிலிருந்து விஷ வாயு கிளம்பியது. என் காகிதத்தில் அந்த விஷம் இல்லை. ஆனாலும் நோயாளியின் தலைக்கு மேல் பூஞ்சையை வளர்ப்பது புத்திரன் செய்யும் காரியமா?

மீதிப் பட்டைகளையும் உரித்தெடுத்தேன். கிழவன் முகம் மறுபடி வந்தது. நல்லவேளையாக, ஆவணி பிறந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தார். ஐப்பசியில் கைத்தடியோடு நடந்தார். நான் கூரைத் துளைகளைத் தார் வைத்து அடைத்தேன். தகரத்துக்கும் பலகைக்கும் இடையே காற்றோட வழி வைத்தேன். பலகையின் பழைய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தேன்.

தை மாதம், பனி காய்ந்த ஒரு காலையில், இரண்டாம் படலம் தொடங்கிற்று. இம்முறை கூழ் காய்ச்சியவர் அம்மா. மயில்துத்தமும் அவர் கை அளவுதான். முதலில் நீர்த்த கூழைப் பலகையில் பூசிக் காயவிட்டோம். சாக்குப்பொடி தடவிய நூலைத் தெறித்து நேர்கோடு போட்டேன். ஜன்னலோரத்திலிருந்து தொடங்கினோம். கூழ் தடவிய பட்டையை விசிறி மடிப்பாய் மடித்து, ஒருவர் துடைப்பத்தால் கீழிருந்து தாங்க, மற்றவர் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும்.

துடைப்பம் பிடிக்க ஆள் தேடினேன்.

"ஆள் எதற்கு?" என்றார் அம்மா. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துடைப்பத்தைத் தலைகீழாய்ப் பிடித்து உயர்த்தினார். என்னால் மேலே பார்க்க முடியவில்லை. தடியில்லாமல் நின்ற அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைப் பார்க்காதே, தம்பி. பட்டை கோணுது, பார்!" என்று அதட்டினார்.

கோணித்தான் விட்டது. மூன்றாம் பட்டையில் தங்கப் பூக்கள் அரை அங்குலம் விலகி நிற்கின்றன. வருகிறவர்கள் அதைச் சுட்டிக் காட்டுகிறார்கள். நான் திருத்துவதாயில்லை.