புளியமரமும் ரேடாரும்



எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு புளியமரம் இருந்துச்சு. அக்காவோட காலேஜ் பீசுக்காக போன மாசம் அதை விலை பேசினாங்க. மர வியாபாரி ஒரு தடவை அண்ணாந்து பார்த்துட்டு ஒரு தொகை சொன்னார். அப்பத்தாவுக்கு மனசு ஒப்பல. "ஏத்தா, நீ படிக்கிற புள்ளதான? உசரம் எம்புட்டுன்னு கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னுச்சு.

காலை வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டேன். அதன் நிழல் 80 செ.மீ. மரத்து நிழல் அடியிலிருந்து நுனி வரை 12 மீட்டர். வகுத்தால் 15 மீட்டர் உயரம். அப்பத்தா அந்த 15-ஐ வைத்தே பேரம் பேசுச்சு. வியாபாரி சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். மரத்தைச் சாய்த்த பிறகு டேப் பிடிச்சா பன்னிரண்டரை மீட்டர்தான்! எனக்கு மானமே போச்சு.

புளியமரம் குடை மாதிரி விரிஞ்சிருக்கும். நிழலின் நுனியில் இருந்தது உச்சிக் கிளை இல்லை, பக்கவாட்டுக் கிளை. கணக்கு டீச்சர் படம் போட்டுக் காட்டியபோதுதான் புரிஞ்சது.

"ஒரு மரத்துக்கே இந்தப் பாடுன்னா ஒரு காட்டையே எப்படி அளப்பாங்க?" என்று அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் காபோன் என்று ஒரு நாடு. அங்கே 60 மீட்டருக்கு மேல் வளர்ந்த அலையாத்தி மரங்கள்கூட இருக்காம். எங்க புளியமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு வைத்தாலும் எட்டாது. 2016-ல் நாசாவின் விமானம் ரேடாரோடு அந்தக் காடுகளுக்கு மேலே பறந்தது. ரேடார் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 24 செ.மீ. குட்டை அலை என்றால் மேலாக உள்ள இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். இது இலைகளைத் தாண்டி உள்ளே போய், கிளை, அடிமரம், தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். மேலே இருந்து பார்த்தால் தரைதானே தெரியாது! தரை எங்கே என்று தெரியாமல் உயரம் ஏது?

ஒரே காட்டின் மேல் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பல முறை பறப்பார்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் விரலைப் பாருங்க, விரல் நகர்ந்த மாதிரி இருக்கும். அப்படித்தான் உச்சியும் தரையும் வேறு வேறு அளவு நகர்ந்து தெரியும். அந்த வித்தியாசத்திலிருந்து உயரம் கிடைக்கும்.

உயரம் தெரிந்தால் காட்டின் எடையை, அது பிடித்து வைத்திருக்கும் கரியைக் கணக்கிடலாம். அதற்கான சூத்திரத்துக்காக முதலில் சில மரங்களை வெட்டி எடை போட்டிருக்காங்க. அதைக் கேட்டதும் எங்க மரம் ஞாபகம் வந்துருச்சு. ஆனால் மிச்சக் காட்டை வெட்டாமலே அளக்கலாம்.

இப்போ இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, அதே நீள அலையால் 12 நாளைக்கு ஒரு முறை பூமியைப் பார்க்குது. நம்ம அய்யலூர் பக்கத்துத் தேவாங்குக் காடும் அதில் வரும்.

வர்ற சனிக்கிழமை நம்ம பள்ளி வேப்பமரத்தை அளக்கப் போறேன். இந்தத் தடவை பாகைமானியும் நூலும் வைத்து. வீட்டில் பெரிய டேப் இருக்கிறவங்க கொண்டு வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி