நடுவிலே நின்ற கோபுரம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. சங்கரன்கோவில் கோபுரம் அதில் ஒன்பது நிலைகளோடும் துல்லியமாக விழுந்திருக்கும். அதற்கு முன்னால் இரண்டு மங்கல் உருவங்கள். அவர்கள்தாம் என் அப்பாவும் அம்மாவும். எடுத்த மகானுபாவன் நானேதான்.

1994ஆம் வருஷம், ஆடித் தபசு. தவமிருந்த கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நாள். குடியானவர்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் அள்ளி வீசுவார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா, அன்று காலையில் ஒரு காமிராவை என் கையில் கொடுத்து, "அமுக்கினாப் போதும் மருமகனே, மிச்சத்தை அது பாத்துக்கிடும்" என்றார்.

தூரத்தைத் தானே கணக்கிடும் வித்தை 1977இல் ஜப்பானின் கோனிகா காமிராவோடு கடைக்கு வந்தது. அந்த மாதிரிச் சிறு காமிராவில் ஜூம் லென்ஸையும் சேர்த்து 1986இல் பெண்டாக்ஸ் வெளியிட்டது. பதினாலு வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பாவும் அம்மாவும் நின்றார்கள், நடுவே ஓர் ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விட்டு. அரனும் அரியும் ஒரே மேனியில் பாதிப் பாதியாக நிற்கிற ஊர்தான். ஆனாலும் அந்தத் தலைமுறைத் தம்பதிகளுக்கு அதுவே நெருக்கம்!

"இன்னும் கிட்ட நில்லுங்கப்பா."

"இது போதும்ல" என்றார் அப்பா. அம்மா தலைகுனிந்து சிரித்தாள். முகம் பெரிதாக விழட்டுமென்று ஜூமை முழுக்க இழுத்து அமுக்கினேன்.

முப்பத்தாறு படமும் தீர்ந்து, கழுவி வர ஒரு மாதம் ஆயிற்று. ஸ்டுடியோக்காரர்தான் விளக்கினார். இந்தக் காமிரா கண்ணுக்குத் தெரியாத கதிரை நடுவிலே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்குமாம். திரும்பாவிட்டால், எட்டத்துப் பொருள் என்று முடிவு கட்டிவிடும். என் கதிர் இருவருக்கும் நடுவே புகுந்து போய்விட்டது. ஜூமை இழுத்ததால் மங்கல் இன்னும் கூடிவிட்டது. "ஒருத்தர் முகத்தை நடுவில் வைத்துப் பித்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொள். பிறகு காமிராவைத் திருப்பி மீதியை அமுக்கு" என்றார்.

அவ்வளவுதான் சூட்சுமம். அடுத்த தபசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த தபசுக்கு அப்பா இல்லை.

இப்போது இளவட்டங்களுக்கு மறுபடியும் பிலிம் மோகம். 2024இல் பெண்டாக்ஸே புதிதாக ஒரு பிலிம் காமிரா கொண்டுவந்தது. போன மாதம் என் மகள் அந்தப் பழைய காமிராவைத் தூசி தட்டி எடுத்தாள். பாதி அமுக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னையும் தன் அம்மாவையும் கூடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, கிட்ட நில்லுங்க."

பார்த்தேன். எங்களுக்கு நடுவிலும் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

நகர்ந்து நின்றேன்.