கை தொட்டுக் கற்பிக்கும் வைத்தியம்

பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுச் சூளகிரிக்கருகே உள்ளே திரும்பினால், பாறைக் குன்றுகளின் நடுவே தக்காளியும் கொத்தமல்லியும் ராகியும் விளைகிற மேட்டு நிலப் பிரதேசம் விரிகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டுத் திண்ணையில் கலந்து ஒலிக்கிற அந்தக் கிராமங்களில், நடுவயதைக் கடந்த பெண்களுள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசாதவரைக் காண்பது அரிது. குனிந்து களை பறித்தும், குத்துக்காலிட்டுக் காய் பொறுக்கியும், நிறைந்த கூடையைத் தலையிலேற்றி வரப்பிலே நடந்தும் தேய்ந்த சரீரங்கள் அவை. வலி வந்த பின் அவர்களுக்குக் கிடைத்து வந்தவை இரண்டு: மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஒன்று, இனி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திரு என்று வீட்டார் அன்போடு சொல்லும் உபதேசம் மற்றொன்று. முதலாவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது. இரண்டாவது, மூட்டையே கெடுக்க வல்லது. இவ்விரண்டும் அல்லாத ஒரு வழியைக் கற்பிப்பதற்கென்று வீடு வீடாகச் செல்பவர்களின் வேலையை அருகிலிருந்து காண வேண்டுமென்ற விருப்பத்தினால், இயன்முறை மருத்துவராகிய ஓர் இளம் பெண்மணியின் வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளைத் தன்னார்வலப் பெண்கள் வீட்டிலேயே கொண்டு சேர்ப்பதுதான் அத்திட்டத்தில் பலரும் அறிந்த பகுதி. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் இயன்முறை மருத்துவரையும், தீராப் பிணியாளரைப் பேணும் செவிலியர் ஒருவரையும் ஊர் ஊராக அனுப்புவதென்று அதிலே செய்த ஏற்பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் விருது 2024-இல் இத்திட்டத்தை வந்தடைந்தது. அது தகுதியான கௌரவமென்றே கருதுகிறேன். ஆயினும் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் என்பது போதவே போதாது என்பதை, அன்று அந்த அம்மையாரின் மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபோதே உணர்ந்தேன். பெயர்களும் ஊர்களும் நெருக்கி எழுதப்பெற்ற அப்பக்கங்களில், ஒரு வீட்டுக்குச் சென்ற தேதிக்கும் அதே வீட்டுக்கு மீண்டும் சென்ற தேதிக்கும் நடுவே இரண்டு வாரமும் மூன்று வாரமும் கிடந்தன. அந்த இடைவெளியை எவ்வாறு நிரப்புவது என்பதே அவருடைய தொழிலின் சாரமான பிரச்சினை. மாத்திரை கொடுப்பவர், கொடுத்த பின் போய்விடலாம்; மாத்திரை தன் வேலையைச் செய்துகொள்ளும். அப்பியாசமோ, கற்பித்தவர் சென்ற பிறகு நோயாளி தம் கையாலும் காலாலும் செய்தாலன்றிப் பலிக்காத மருந்து.

முதல் வீட்டில் எழுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அம்மையார் அவருடைய முழங்காலை உடனே தொடவில்லை. "அவ்வா, உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க" என்று கேட்டார். எனக்கு இது சிறிது வியப்பாகவே இருந்தது. நடக்க இயலாதவரென்று நாம் காண வந்தவரிடமே வேலை சொல்வதா என்று எண்ணினேன். பின்னரே விளங்கிற்று, தண்ணீருக்காக அல்ல அந்த வேண்டுகோளென்று. மூதாட்டி எழும்போது எந்தக் கையை எங்கே ஊன்றுகிறார், எந்தக் காலில் பாரத்தை ஏற்க அஞ்சுகிறார், வாசற்படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்பவற்றையெல்லாம் அவர் கண் இமைக்காமல் குறித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகே கோணமானியை எடுத்து முழங்காலோடு சேர்த்துப் பிடித்து அளந்தார். மடக்கினால் தொண்ணூற்றைந்து பாகை. நீட்டினால் கடைசிப் பத்துப் பாகை நிமிரவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்காரவோ குத்துக்காலிடவோ இவ்வளவு மடக்கம் போதாது. நிமிராத அந்தப் பத்துப் பாகையோ, நடக்கிற ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசைக்கு ஓய்வின்றி வேலை கொடுத்துக்கொண்டிருக்கும்.

மூட்டின் சுபாவத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் முனைகளை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்தே அது தன் போஷணையைப் பெறுகிறது. அந்த நீரும் தானாக உள்ளே புகுவதில்லை. நனைந்த துணியைப் பிழிந்து விட்டால் மீண்டும் நீரை உறிஞ்சுவது போல, பாரம் ஏறுவதும் இறங்குவதுமாகிய அசைவினாலேயே பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் உட்புகுகிறது. ஆதலால் வலிக்கு அஞ்சி அசையாதிருக்கும் மூட்டு, தான் உண்ண வேண்டிய உணவையே இழக்கிறது. அத்தோடு மூட்டு வீங்கினால் தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை தன் வலிமையைச் சுருக்கிக்கொள்கிறது. தசை தளர்ந்தால் மூட்டின்மேல் விழும் அதிர்ச்சி மிகுகிறது. அதிர்ச்சி மிகுந்தால் வலியும் மிகுகிறது. வலி மிகுந்தால் மனிதர் இன்னும் அசையாதிருக்கிறார். இந்தச் சுழலை எந்த இடத்திலாவது அறுக்க வேண்டுமென்றால், தேய்ந்த குருத்தெலும்பைப் புதுப்பிக்க யாராலும் இயலாதபடியால், தசையில்தான் அறுக்க முடியும். தசை எழுபது வயதிலும் பயிற்சிக்கு இணங்கும். இயற்கை நமக்கு விட்டுவைத்திருக்கிற பெருங்கருணை அது.

அம்மையார் ஒரு பழைய துண்டைச் சுருட்டி முழங்காலின் அடியில் வைத்தார். "இதைக் காலால அழுத்துங்க அவ்வா, அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பத்து எண்ணுங்க." மூதாட்டி தெலுங்கில் எண்ணத் தொடங்கினார்: ஒக்கட்டி, ரெண்டு, மூடு. நான்கு வருவதற்குள் காலைத் தளர விட்டார். அப்போது அந்த அம்மையார் செய்த காரியம் இன்னமும் என் நினைவில் நிற்கிறது. மூதாட்டியின் வலக்கையைப் பற்றி, அவருடைய தொடைமேலேயே வைத்து, "இப்ப அழுத்துங்க, உங்க கைக்குக் கீழ கல்லாட்டம் கெட்டியாகுதா பாருங்க, அது கெட்டியானாத்தான் கணக்கு" என்றார். அழுத்திய தசை கையடியில் திரள்வதை அந்த மூதாட்டி தாமே உணர்ந்தபோது, முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. மறுமுறை எண்ணிக்கை பத்தை எட்டிற்று. இரண்டு வாரம் வர இயலாத ஒருவர், தம் இடத்தில் காவலாக நோயாளியின் கையையே நிறுத்திவிட்டுப் போகும் உபாயம் இது.

பிறகு ஊன்றுகோலைப் பார்த்தார். வலப் புற முழங்கால் வலிக்கிறதென்று மூதாட்டி கோலை வலக்கையிலேயே பிடித்திருந்தார். எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். அதை இடக்கைக்கு மாற்றினார். வலக்காலும் இடக்கைக் கோலும் சேர்ந்து முன்னே போக வேண்டுமென்று நடந்து காட்டினார். கோல் மணிக்கட்டளவுக்கு மேல் உயர்ந்திருந்தபடியால், அரிவாள் கொண்டு அதன் அடியைச் சிறிது நறுக்கித் தருமாறு பேரனிடம் சொன்னார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்காரும் பயிற்சியை, முதலில் இரண்டு தலையணை அடுக்கிய உயரத்திலிருந்து தொடங்கச் செய்தார். "செஞ்ச பிறகு கொஞ்சம் வலிக்கும். ராத்திரிக்குள்ள அடங்கிட்டா பயமில்ல. மறுநாள் காலையிலயும் அடங்கலைன்னா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, ஆனா நிறுத்திடாதீங்க" என்பது அவர் விட்டுச் சென்ற விதி. வலியை முற்றும் விலக்கவும் சொல்லாமல், முற்றும் பொறுக்கவும் சொல்லாமல், அதையே அளவுகோலாக்கிக் கொடுத்த அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

"எண்ணெய் தேய்ச்சு விடலையா, பாப்பா?" என்று மூதாட்டி ஏமாற்றத்தோடு கேட்டார். அம்மையார் மறுக்கவில்லை, சிறிது நேரம் பொறுமையோடு பிடித்துவிட்டார். தொட்ட கையை நம்பாதவர்கள் சொன்ன வாயை நம்ப மாட்டார்கள் என்று வண்டியில் வரும்போது எனக்குச் சொன்னார்.

இரண்டாவது வீட்டின் துயரம் வேறு விதம். பக்கவாதத்தால் இடப்புறம் செயலிழந்த ஐம்பது வயது மனிதர் ஒருவரை, அவருடைய மனைவி ஒற்றையாளாகக் காப்பாற்றி வந்தார். கட்டிலிலிருந்து கணவரை எழுப்புவதற்கு அந்தப் பெண்மணி அவருடைய இடக்கையைப் பற்றி இழுத்தபோது, அம்மையார் ஓடிச் சென்று தடுத்தார். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. கை எலும்பின் உருண்டை அதிலே நழுவாதிருப்பது சுற்றியுள்ள தசைகளின் பிடிப்பினால்தான். அத்தசைகள் சோர்ந்துவிட்டால் கையின் சொந்தப் பாரமே மூட்டைக் கீழே இழுத்துவிடுகிறது. அந்நிலையில் அன்போடு பிடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் காயமே உண்டாகிறது. தோள்முனைக்குக் கீழே ஒரு விரல் பதியும் பள்ளம் இருப்பதை மனைவியின் விரலாலேயே தொட்டறியச் செய்தார். "அக்கா, கையைப் பிடிக்காதீங்க, முதுகுல தோள்பட்டைக்குப் பின்னால கை குடுங்க, இடுப்பைப் பிடிங்க. அண்ணா முன்னால குனிஞ்சா அவரே பாதி எழுந்துடுவார்." சொன்னபடி செய்ததும், பாதிக்கு மேலாகவே அவர் எழுந்துவிட்டார். இத்தனை மாதமாகத் தாம் தூக்கிய பாரத்தில் எவ்வளவு வீண் பாரம் என்பதை அந்தப் பெண்மணி அப்பொழுதுதான் கண்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே மீண்டும் ஒரு முறை செய்து காட்டச் சொன்னார்.

அவ்வீட்டில் உபகரணமென்று ஒன்றுமில்லை. உத்தரத்தில் கயிற்றை மாட்டிக் கப்பியாக்கலாமா என்று நான் கேட்டேன். பக்கவாதத் தோளுக்கு அது ஆகாது. நல்ல கை இழுக்கிற வேகத்தைத் தளர்ந்த தோள் தாங்காது என்று விளக்கினார். அதற்குப் பதிலாக, ஒரு முறம் நிறைய அவரைக்காயைக் கொண்டு வரச் செய்து, கணவரின் இடக்கையை மேசைமேல் தலையணையில் தாங்க வைத்து, காயை அந்தக் கை பிடிக்கவும் வலக்கை உரிக்கவுமாக ஏற்பாடு செய்தார். பழுதுற்ற மூளை புதிய பாதைகளைத் தேடிக்கொள்வதற்கு, அர்த்தமுள்ள வேலையை அந்தக் கை திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். ஐந்து காய் பிடித்து ஆறாவது நழுவியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து எத்தனை? ஒண்ணுமில்ல. இன்னைக்கு அஞ்சு. எழுதி வைங்க அக்கா" என்றார் அம்மையார்.

அடுத்த ஊருக்குச் செல்லும் வழியில் இத்தொழிலின் பூர்வோத்தரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய தேகப்பயிற்சிக் கழகமும், 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடித் தம் தொழிலின் கண்ணியத்தைக் காக்கத் தொடங்கிய சங்கமும் உலக அளவில் இதன் மூலங்கள். நம் தேசத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1950-களின் தொடக்கத்தில் முறையான படிப்பு ஏற்பட்டது. ஆனால் இந்தப் பெண்மணியின் உள்ளத்தில் முதலிடம் பெற்றிருப்பவர் வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்களின் செயலை இழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணராயிருந்தார். கை விரல்களை நிமிர்த்தும் அறுவை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும், இடம் மாற்றிய தசைநாணுக்குப் புது வேலையைக் கற்பிக்கும் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் கை சோறு பிசையாது என்ற ஞானம் வேலூரிலிருந்து பரவியது. அறுவை செய்தவரின் பெயர் நிலைக்கிறது. விரலுக்கு விரல் மாதக்கணக்காகக் கற்பித்தவரின் பெயர் பெரும்பாலும் நிலைப்பதில்லை. 2021-இல் இயற்றப்பெற்ற துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் இவர்களுக்கு ஒரு ஸ்தானத்தை வகுத்திருக்கிறது. அதற்கேற்ற ஊதியமும் பணியிடங்களும் பின்தொடர வேண்டும்.

வழியில், கட்டுப் பிரித்த மணிக்கட்டோடு ஒரு பெண் சாலையோரத்திலேயே காத்திருந்தாள். ஈரப் பாறையில் வழுக்கிக் கையூன்றி விழுந்தவள். மாவுக் கட்டு இருந்த ஆறு வாரமும் கையைத் தூளியில் வைத்தபடி விரல்களையும் தோளையும் அசைக்காமலே இருந்துவிட்டாள். முறிந்தது மணிக்கட்டு, இறுகியதோ விரலும் தோளும். கட்டுக்கு வெளியே உள்ளவற்றையெல்லாம் அன்றே அசைக்க வேண்டுமென்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சுவரில் கரித்துண்டால் ஒரு கோடிட்டு, விரல்களால் சுவரேறி நாள்தோறும் அடுத்த கோட்டைத் தொடுமாறு அம்மையார் பணித்தார். எவருக்கேனும் முழங்கை முறிந்து கூடினால், அதை மட்டும் யார் சொன்னாலும் உருவிவிடச் சம்மதிக்கக் கூடாதென்று கூட நின்ற பெண்களையும் எச்சரித்தார். பலவந்தமாகத் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வதுண்டு.

மாலையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கபடி விளையாடும் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். அவர்களுள் ஒருவன் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்து, அறுவை முடிந்து ஏழாவது மாதத்தில் இருப்பவன். வலி இல்லை, ஓடவும் செய்கிறான், ஆகவே ஊர்த் திருவிழாப் பந்தயத்தில் இறங்க அனுமதி வேண்டி நின்றான். மற்றவர்களையெல்லாம் வரிசையாகக் குதிக்கச் செய்து, தரையில் இறங்கும்போது முழங்கால் மடிந்திருக்கிறதா, உட்புறமாகச் சரிகிறதா என்று அம்மையார் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் இவ்விதப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யும் குழுக்களில் காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிறகு அவனை அழைத்து, நல்ல காலால் ஒற்றைத் தாவலும், அறுவை செய்த காலால் ஒற்றைத் தாவலும் செய்யச் சொல்லி நாடா பிடித்து அளந்தார். நல்ல காலின் தாவல் நூறு என்றால் மற்றது எண்பதைத் தொடவில்லை.

"வலியே இல்லக்கா" என்றான் அவன்.

"வலி இல்லாததும் பலம் வந்ததும் ஒண்ணில்ல, தம்பி. தொண்ணூறு வரணும், ஒன்பது மாசமும் முடியணும். அதுக்கு முன்னால இறங்கினவங்கதான் அதிகமா மறுபடியும் அறுத்துக்கிட்டு வர்றாங்க. இந்தத் திருவிழா போகட்டும்."

அவன் அணித்தலைவனைப் பார்த்தான். தலைவன் அம்மையாரைப் பார்த்தான். அவர் நோட்டுப் புத்தகத்தில் இரு தாவல்களின் அளவையும் எழுதி, அடுத்த அளவுக்கான தேதியை அவன் கையாலேயே பக்கத்தில் எழுதச் செய்து, படிக்கட்டில் ஒற்றைக் காலால் மெதுவாக இறங்கும் பயிற்சியை நாளைக் காலையிலிருந்து எத்தனை முறை செய்ய வேண்டுமென்று தலைவனிடம் கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.